கடலா, ஏரியா? பிடோக்குக்கு விடுமுறை போகிறவர்கள் கவனத்திற்கு



பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே போறோம்?" என்பதுதான். ஜோகூர் தோட்டங்களில் உள்ள நம்மவர் பலருக்குச் சிங்கப்பூரில் அண்ணனோ அக்காளோ, கட்டிக்கொடுத்த மகளோ இருக்கிறார்கள். அந்தச் சொந்தம் பிடோக் பக்கம் குடியிருந்துவிட்டால் இன்னும் வசதி. தெற்கே போனால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை, வடக்கே போனால் பிடோக் நீர்த்தேக்கம். இரண்டையும் சுற்றிப் பார்க்க ஒரு காசு செலவில்லை.

ஆனால் எந்தத் தண்ணீருக்கு யாரை அழைத்துப் போவது என்று யோசித்துப் புறப்படுகிறவர்கள் குறைவு. "தண்ணிதானே, இதுல என்ன இருக்கு?" என்கிறோம். இருக்கிறது. தண்ணீரின் அழகைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது, நம்மோடு வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏரி: காலுக்கும் கண்ணுக்கும்

பிடோக் நீர்த்தேக்கம் இயற்கையான ஏரி அல்ல. மணல் தோண்டி எடுத்த பெரும் பள்ளம் அது. 1986ல் முடிந்த ஒரு நீர்த்திட்டத்தின்படி, சுற்றியுள்ள அடுக்குமாடிப் பேட்டைகளில் பெய்யும் மழை நீரைக் கால்வாய் வழியாகச் சேர்த்து, சுத்திகரித்துக் குடிநீராக்குகிறார்கள். அதனால் அங்கே இறங்கி நீந்த அனுமதி இல்லை. துடுப்புப் படகு விளையாட்டுக்கு மட்டும், முறைப்படி மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு போகலாம்.

குடிநீர் என்பது ஒரு காரணம். நமக்கு முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. மணல் தோண்டிய பள்ளம், ஈயம் எடுத்த குட்டை இவற்றின் கரை, ஆற்றங்கரை போலச் சரிந்து சரிந்து ஆழமாகாது. முழங்கால் அளவு தண்ணீர் என்று நினைத்து இன்னும் இரண்டடி வைத்தால் ஆளையே முழுங்கும் ஆழம் வந்துவிடும். அடியில் சேறு காலைப் பிடிக்கும். மேலே தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருக்கும். பேராக், சிலாங்கூர் பக்கத்துத் தோழர்களுக்கு ஈயக் குட்டையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே ஏரி நடப்பதற்கு. நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஏறக்குறைய 4.3 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் காலை வெயில் ஏறுமுன் அதில் பாதி தூரம் நடந்தாலும் உடம்புக்கு நல்லது. தாத்தா பாட்டியை அழைத்துப் போக ஏற்ற இடம். டௌன்டவுன் ரயில் பாதையில் 2017ல் பிடோக் ரெசர்வோர் நிலையம் திறக்கப்பட்டதால் போய் வருவதும் சுலபம்.

நல்ல தண்ணீரிலும் நோய் உண்டு

ஆறு, அருவி, குளம் என்று உள்ளூரிலேயே விடுமுறையைக் கழிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2010ல் பகாங் மாநிலம் மாரானில் உள்ள லூபோக் யூ என்ற பொழுதுபோக்கு இடத்தில் ஒருவர் நீரில் மூழ்கிப் போனார். மீட்புப் படையினரும் ஊர் மக்களுமாக 150க்கு மேற்பட்டவர்கள் அவரைத் தேட இறங்கினார்கள். பிறகு அவர்களில் சிலர் காய்ச்சலில் விழுந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும், எலியின் சிறுநீரால் பரவும் எலிக் காய்ச்சலும் அவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டன. மெலியோய்டோசிஸ் இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகமாகத் தாக்கும். அதே ஆண்டு டிசம்பரில் எலிக் காய்ச்சலை, மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக மலேசியா அறிவித்தது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கு எலி புதிதல்ல. காலில் வெட்டுக் காயம், முள் குத்திய புண், விரல் இடுக்கில் சேற்றுப் புண் இருந்தால், அது ஆறும்வரை ஆறு குளங்களில் இறங்காதீர்கள். போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வரும்போது, "இந்த இடத்தில் தண்ணீரில் இறங்கினேன்" என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை வைத்தியத்தைச் சீக்கிரம் தொடங்க உதவும்.

கடல்: உடம்புக்கு, ஆனால் நேரம் பார்த்து

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையும் மனிதர் உண்டாக்கியதுதான். 1966ல் தொடங்கிய வேலையில், பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டி நிலமாக்கினார்கள். அந்த நிலத்தில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்கா அமைந்திருக்கிறது. அலையைத் தடுக்கக் கல் கட்டியிருப்பதால் சின்னச் சின்ன வளைகுடாக்களாக இருக்கும், அலை பெரிதாக வராது. இதை நம்பிப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடக் கூடாது. அந்தக் கற்களில் பாசி படிந்து வழுக்கும், காலைக் கிழிக்கும் கிளிஞ்சலும் ஒட்டியிருக்கும்.

கடல் நீர் சுத்தமா என்பதை எப்படி அறிவது? சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் கடற்கரை நீரைத் தொடர்ந்து சோதிக்கிறது. மனிதக் கழிவு கலந்தால் பெருகும் என்டரோகாக்கஸ் என்ற கிருமியை எண்ணுவார்கள். 100 மில்லிலிட்டர் நீரில் அது 200க்கு மேல் போகக் கூடாது என்பது அளவுகோல். நாம் கையில் சோதனைக் குழாயோடு போக முடியாது. ஆகையால் ஒரு சுலபமான கணக்கு: பெருமழை பெய்தால் கால்வாய் அழுக்கெல்லாம் கடலில் வந்து சேரும். மழை விட்டு ஒரு நாளாவது கழித்துக் குளியுங்கள். குளிக்கும்போது தண்ணீரை விழுங்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அறிவிப்புப் பலகையையும் மதிக்க வேண்டும். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு கப்பல் எண்ணெய்க் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. மோதிய இடம் எங்கோ இருந்தாலும் எண்ணெய் ஈஸ்ட் கோஸ்ட் வரை வந்து, கடற்கரை மூடப்பட்டது. சுத்தம் செய்து மறுபடி திறந்துவிட்டார்கள். மூடியிருக்கிறது என்றால் காரணம் இருக்கும். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று கயிற்றைத் தாண்டாதீர்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

நம் நாட்டில் கோடை என்று தனியாகக் கிடையாது. மழையைப் பார்த்துத்தான் கடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவ மழை. அப்போது டெசாரு, மெர்சிங், குவாந்தானில் தெலுக் செம்பெடாக் போன்ற கிழக்குக் கரைக் கடலில் அலை மூர்க்கமாக இருக்கும். ஆண்டு இறுதி விடுமுறையில் அங்கே போய் இறங்குவது உயிரோடு விளையாடுவது. அந்த மாதங்களில் போர்ட் டிக்சன் போன்ற மேற்குக் கரையோ, பிடோக் பக்கமோ மேல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்று மழை வரும். எந்த மாதமானாலும் இடிச் சத்தம் கேட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள்.

கூட வருவது யார்?

இனிப்பு நீர் உள்ளவர்கள்: மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கால் மரத்துப் போனவர்களுக்கு மணல் சுடுவதும் தெரியாது, கிளிஞ்சல் கிழிப்பதும் தெரியாது. சாயங்காலம் வீடு திரும்பியதும் காலைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை வெயிலிலோ காருக்குள்ளோ விட்டுவிடாதீர்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்கள்: தனியாக ஒருபோதும் நீரில் இறங்கலாகாது. மார்பளவுக்கு மேல் போகவே வேண்டாம்.

சிறு பிள்ளைகள்: ஒரு பெரியவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முழுகும் பிள்ளை சினிமாவில் காட்டுவது போலக் கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். சமையல் அடுப்பையும் கைப்பேசியையும் கவனிக்க நாலு பேர் இருந்தால், பிள்ளையை மட்டும் கவனிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மது அருந்தியவருக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

ஆபத்து நேர்ந்தால்

நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. ஒரு சாவு இரண்டாகும். கயிறு, மிதவை, மூடிய வெறும் பிளாஸ்டிக் தோம்பு எதையாவது வீசுங்கள். சிங்கப்பூரில் 995, நம் நாட்டில் 999க்குக் கூப்பிடுங்கள். கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பழைய வழக்கம், அதை விட்டுவிடுங்கள். மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 தடவை அமுக்கி, 2 தடவை ஊதி, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். மூச்சு திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காதீர்கள். வினிகர் இருந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கடல் நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் தாமதிக்கலாகாது.

கடைசியாக ஒன்று. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு மருத்துவச் சலுகைக் கட்டணம் கிடையாது. ஒரு நாள் படுத்து எழுந்தாலும் பல மாதச் சம்பளம் போய்விடும். தினமும் சாப்பிடும் மருந்தைப் போகிற நாள்களுக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்கு அதிகமாகவே, மருந்துச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், புறப்படும் அன்று காலையில் வந்து நிற்காதீர்கள்.

வருடம் முழுக்க வெயிலிலும் மழையிலும் உழைக்கிற நமக்கு நாலு நாள் ஓய்வு உரிமை. காலையில் பெரியவர்களோடு ஏரிக்கரையில் நடங்கள். மழையில்லாத சாயங்காலம் பிள்ளைகளோடு கடலில் காலை நனையுங்கள். எத்தனை பேர் புறப்பட்டீர்களோ அத்தனை பேரும் சுகமாக லயத்துக்குத் திரும்பி வந்து சேருங்கள்.