கொழுப்பு கூடிப்போச்சு

ஒருவனுக்குக் கொழுப்பு என்றால், ஒரு தலைமுறைக்கு முன்பு அது உடம்பைப் பற்றிய பேச்சே இல்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசியவனுக்குக் கொழுப்பு. வாத்தியார் கூப்பிட்டும் எழுந்திருக்காதவனுக்குக் கொழுப்பு. ‘நண்டு கொழுத்தால் வளையில் தங்காது’ என்று சொன்னவர்களும் நண்டை நினைத்துச் சொல்லவில்லை. ஈர்க்குச்சி உடம்புக்காரனும் இந்த வசவை வாங்கிக்கொள்வான். அடி விழுவதற்கு முந்தைய எச்சரிக்கை அது.

உடம்பில் ஏறியதற்கோ வேறு பேச்சு, எல்லாம் மங்கலமான பேச்சு. தேறியிருக்கான். பூசினாப்பல இருக்கா. விடுதியிலிருந்து வந்த பிள்ளையின் கன்னத்தைத் தடவி “இளைச்சுட்டியேப்பா” என்று பாட்டி சொன்னால் விடுதிச் சமையல்காரருக்கு அன்று வசவு நிச்சயம். கல்யாணமாகிப் போன பெண் கொஞ்சம் சதை போட்டு வந்தால், புகுந்த வீட்டில் நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிடும். பஞ்சமும் அரைவயிறும் பார்த்த சனம் வேறெப்படி நினைக்கும்? ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று மருந்து தெரிந்துதான் இருந்தது. ஆனால் கொள்ளு தேவைப்பட்டவர்கள் ஊருக்கு நாலு பேர். 1990களில்கூட உப்பலான இட்லிக்குக் குஷ்புவின் பெயரை வைத்துக் கொண்டாடிய ஊர் இது.

இப்போது அந்தச் சொல் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் குடியேறிவிட்டது. மொத்தக் கொழுப்பு 200-க்குள் இருக்க வேண்டும், கெட்ட கொழுப்பு 100-ஐத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் நடைப்பயிற்சிப் பூங்காவில் மனப்பாடம். கொழுப்பிலும் நல்லது கெட்டது உண்டு என்று ஆனதே ஒரு வேடிக்கை. மருந்துக்கடையில் “கொழுப்பு மாத்திரை ஒரு அட்டை” என்று கூசாமல் கேட்கிறார்கள். ஸ்கேன் எடுத்தால் ‘ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்’. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு மூவர் என்றிருந்த அதிக எடை, 2019-21இல் பத்துக்கு நால்வர் ஆகிவிட்டது. பூசினாப்பல என்று இனி யார் வாய் திறந்து சொல்வது? கல்யாண மண்டபத்தில் “கொஞ்சம் வெயிட் போட்டுட்ட போல” என்று ஒரு சித்தி சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் பந்தி ருசிக்காது. பழைய வசவோ விஷம் இறங்கிச் செல்லமாகிவிட்டது. “உனக்கு ரொம்பத்தான்டி கொழுப்பு” என்பது இன்று தோழிகளுக்குள் ஒரு கொஞ்சல். வசவு பாராட்டானது, பாராட்டு வசவானது. எனக்கென்னவோ இந்தக் கைமாற்றத்தில் நஷ்டம் சித்திகளுக்குத்தான்.

கொழுப்பு கூடினால் இன்னமும் முகம் மலர்கிற இடம் ஒன்று உண்டு: பால் சொசைட்டி. அங்கே கொழுப்பு என்று யாரும் சொல்வதில்லை, ‘ஃபேட்டு’தான். முன்பெல்லாம் சின்னக் கண்ணாடிக் குழாயில் பாலோடு கந்தக அமிலத்தை விட்டு, கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, மேலே மிதக்கும் மஞ்சள் பட்டையை அளவுகோட்டில் பார்த்துச் சொல்வார்கள். சொல்பவர் கண் அசந்தால் சண்டை. இப்போது பெட்டி மாதிரி ஒரு கருவி, சிறிய கிண்ணத்தில் மாதிரிப் பால், ஒரு நிமிடத்துக்குள் திரையில் எண், கையில் சீட்டு. ஃபேட்டும் இதர சத்தும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கும். கலப்பினப் பசுவுக்கு நாலைத் தொட்டாலே திருப்தி. எருமைக்காரர் ஆறு, ஏழு என்று நிமிர்ந்து நிற்பார். “ஃபேட்டு இறங்கிருச்சு” என்றால் அன்று வீட்டில் பருத்திக்கொட்டை ஊறப் போடுவார்கள்.

அந்தப் பால் ஆவின் பாக்கெட்டாகி நகரத்துக்கு வருகிறபோது ஆரஞ்சு 6 சதவீதம், பச்சை 4.5, நீலம் 3. டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்தவர் கடைக்காரரிடம் நீலம் கேட்கிறார்.