நீளமான சொல்லைக் கண்டு பயப்படலாமா?

காய்ச்சலில் படுத்த குழந்தையின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கிறோம். 'ஹெபடோஸ்ப்ளீனோமெகலி' என்று ஒரு சொல்! ஊரில் என்றால் தெரிந்த டாக்டரிடம் ஓடித் தமிழிலேயே கேட்டுவிடலாம். இங்கே டாக்டர் ஹிந்தியில் சொல்வது பாதிதான் புரிகிறது. வயிற்றைக் கலக்குகிறது.

பதற வேண்டாம். சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ஹெ-ப-டோ, ஸ்ப்ளீ-னோ, மெ-க-லி. மூன்றும் கிரேக்க வேர்கள். ஹெபட் என்றால் கல்லீரல், ஸ்ப்ளீன் மண்ணீரல், மெகலி பெருத்திருத்தல். இடையில் வரும் 'ஓ' இரண்டையும் ஒட்டவைக்கிறது, நம் இலக்கணத்து உடம்படுமெய்யைப் போல. நாமும் கல்+ஈரல் கல்லீரல், மண்+ஈரல் மண்ணீரல் என்று சேர்த்துத்தானே பேசுகிறோம்!

கடைசித் துண்டைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 'மெகலி' பெருத்தல், 'ஐட்டிஸ்' அழற்சி, 'எக்டமி' அறுத்தெடுத்தல். ஹெபடைட்டிஸ் வேறு, ஹெபடோமெகலி வேறு.

ஆக, ரிப்போர்ட்டில் இருப்பது நோயின் பெயரல்ல, ஓர் அறிகுறி. மலேரியா, டைபாய்டு போன்ற காய்ச்சல்களிலும் இது வருவதுண்டு. அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. "ஈரல் இரண்டும் ஏன் பெருத்திருக்கின்றன? அடுத்து என்ன பரிசோதனை?" என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு அரைகுறை ஹிந்தியே போதும்.