களத்துமேட்டு இரும்பு – 11: ஊசியும் உலக்கையும்

போன வாரம் பெல்ட் அறுவடை மிஷினுக்குப் பின்னால் சேற்றில் நடந்தோம். அது நெல்லைத் தொட்டியில் வாங்கிக்கொண்டு, வைக்கோலை வரிசையாக உதறிவிட்டுப் போய்விடுகிறது. அதை அள்ளிக் கட்டுகிற பேலர்தான் இந்த வாரம்.

கையால் அறுத்துக் கட்டடித்த காலத்தில் வைக்கோல் நீளமாகக் கிடைத்தது. அதிலேயே பிரி முறுக்கி அதையே கட்டினார்கள். மிஷின் துப்பும் வைக்கோல் ஒடிந்து கசங்கியது; பிரி திரிக்க வராது, போர் போட்டாலும் சரியும். மாட்டுக்கு வைக்கவும் கேரளத்துக்கு லாரி ஏற்றவும் அதைக் கட்டாக்கியாக வேண்டும்.

டெல்டாவில் அதிகம் கண்ணில் படுவது உருளைக் கட்டு போடும் சின்ன பேலர். வைக்கோலைச் சுருட்டி, மேலே சணலைச் சுற்றி, அறுத்துவிடும். முடிச்சே கிடையாது. சதுரக் கட்டு பேலர் அப்படியில்லை, முடிச்சுப் போட்டாக வேண்டும். அதனால்தான் அது கெட்டுப்போனால் டிராக்டர் பட்டறைக்காரர்கள் பலர் நைசாக நழுவிவிடுவார்கள்.

தை கடைசியில் சாலியமங்கலம் பக்கம் நண்பர் ஒருவரின் வயலில் நின்றிருந்தேன். பழைய சதுர பேலர், இரண்டாம் கை. ஒரே நாளில் இரண்டு முறை ஃப்ளைவீல் ஷியர் போல்ட் உடைந்ததும், எரிச்சலில் கெட்டியான சாதா போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டார். மறுநாள் ஊசி இரண்டாக முறிந்தது.

"அந்த போல்ட்டு உடையறதுக்குத்தான் அங்க இருக்கு தம்பி. நீங்க உடையாததைப் போட்டீங்க, அதான் ஊசி உடைஞ்சிடுச்சு" என்றார் மெக்கானிக்.

பேலரின் பெட்டிக்குள் பிளஞ்சர் உலக்கை மாதிரி நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு தடவை இடிக்கிறது. கட்டு நீளம் வந்ததும் வளைந்த இரண்டு ஊசிகள் நூலோடு அடியிலிருந்து மேலே ஏறி, முடிச்சுப் போடும் நாட்டரிடம் நூலைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். நாட்டரில் பறவை அலகு மாதிரி ஒரு கொக்கி. அது ஒரு சுற்றுச் சுற்றி, வாயைத் திறந்து இரண்டு இழையையும் கவ்வும். கத்தி அறுக்கும், ஒரு கை வளையத்தை அலகின் மேலாக உருவிவிடும். அதுதான் முடிச்சு. இதெல்லாம் ஏறக்குறைய ஒரு இடி விழும் நேரத்துக்குள்!

உலக்கை முகத்தில் ஊசிக்கென்றே இரண்டு காடிகள் வெட்டியிருக்கும். உலக்கை வைக்கோலை நெட்டிப் பிடித்திருக்கும்போது ஊசி அந்தக் காடிக்குள் ஏறினால் பிழைக்கும், தப்பினால் உலக்கையின் வாயில். அப்படித் தப்பும்போது குறுக்கே வந்து உலக்கையை மறிக்க ஒரு தடுப்பு உண்டு. அதில் மோதும்போதுதான் ஷியர் போல்ட் உடைந்து ஊசியைக் காப்பாற்றுகிறது. நண்பரின் பேலரில் அந்தத் தடுப்பும் வளைந்து கிடந்தது.

புது ஊசியை மாட்டினார்கள். டிராக்டரிலிருந்து பேலரை ஓட்டும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, நாட்டரைக் கையால் தட்டிவிட்டு, ஃப்ளைவீலை ஓடும் திசையில் மெல்லச் சுற்றினார் மெக்கானிக். ஊசிமுனை பெட்டியின் அடித்தட்டுக்கு வரும்போது உலக்கை முகம் அதைத் தாண்டியிருக்க வேண்டும். எவ்வளவு தாண்ட வேண்டும் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும், புத்தகம்தான் சொல்லும். இங்கே உலக்கை திரும்பிப் போன பிறகும் ஊசி உள்ளேயே நின்றது. நாட்டரை ஓட்டும் செயின் தொய்ந்து ஒரு பல் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். செயினைக் கழற்றி ஒரு பல் முன்னால் வைத்து, இறுக்கி, மறுபடி சுற்றினார். நாலு தடவை. எனக்கே கை வலித்தது.

அப்புறம் அலகு. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், இரும்பை அரம் மாதிரி தின்னும். அலகில் விழுந்திருந்த வரியில் நூல் சிக்கித்தான் ஒரு பக்க முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. நைஸ் எமரியால் தேய்த்து, நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார்.

இந்த முடிச்சு பேலருக்காகப் பிறந்ததல்ல. 1870களின் கடைசியில் அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி கதிர்க்கட்டு மிஷினுக்காகச் செய்தது. அதற்கு முன் கம்பியால் கட்டினார்கள். துண்டுக் கம்பி தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குப் போனது. இன்று நாம் பிளாஸ்டிக் நூலால் கட்டி, கட்டைப் பிரித்தபின் அந்த நூலைத் தொழுவத்திலேயே போடுகிறோம். சணல் விலை கூடத்தான், இருந்தாலும் நான் சணல் கட்சி.

பனி காய பத்து மணி ஆனது. ஈர வைக்கோலில் சோதனை ஓட்டம் வேண்டாம் என்று அவர் ஒரே பிடிவாதம். முதல் கட்டு கோணலாக வந்தது, இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைக் காலால் உருட்டி, இரண்டு முடிச்சையும் சுண்டிப் பார்த்தார்.

கிளம்பும்போது நண்பரின் டூல்ஸ் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த நாலு கெட்டி போல்ட்டையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.