எலும்புக்கு அரியலூர், ஆழத்துக்குச் சங்ககிரி

திருச்செங்கோட்டு ரிக் வண்டி குமாரபாளையத்தில் எங்கே போர் போட்டாலும், கொஞ்ச ஆழத்திலேயே கடும்பாறையில் முட்டும். ஆயிரம் அடி இறக்கினாலும் வருவது பாறைத்தூள்தான். டைனோசர் எலும்பு ஒருநாளும் வராது.

காரணம், இந்தப் பாறைகள் எலும்பைவிட மூத்தவை. சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரக் கிரானைட், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய குழம்பாகப் பழைய பாறைகளுக்குள் புகுந்து, பூமிக்கடியில் ஆறி உறைந்தது. அப்போது உலகில் எலும்புள்ள உயிரே இல்லை. சங்ககிரியில் சிமென்ட்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் அதற்கும் முந்தைய கடலடியில் படிந்தது. பிறகு ஆழத்தில் அமிழ்ந்து, வெந்து, படிகமாகிவிட்டது. நுண்ணுயிர்த் தடம் இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் தப்பியிருக்காது.

இன்னும் தெற்கே, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள வெளிர்நிற அனார்த்தோசைட் பாறை கிடக்கிறது. நிலவின் மேட்டுநிலங்களும் பெரும்பாலும் இந்த வகைப் பாறைதான். அதனால்தான் சந்திரயான் 2 திட்டத்துக்காக இஸ்ரோ, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடியாக்கிச் செயற்கை நிலவு மண் செய்தது.

கொங்கு நாட்டுப் பழம்பாறைகள் பலவும் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்து வெப்பத்தையும் அழுத்தத்தையும் கண்டவை. அவை இன்று வெயிலில் கிடக்கின்றன என்றால், மேலே மூடியிருந்த அத்தனையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போயிருக்க வேண்டும். மழையும் ஆறுகளும் அரித்ததில் ஒரு பங்கு கிழக்கே போய்ச் சேர்ந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பக்கம் கடல் புகுந்திருந்தது. மேற்கு மேட்டுநிலத்திலிருந்து வந்த மணலும் களிமண்ணும் அங்கே அம்மோனைட் என்ற கடலுயிர்களின் ஓடுகளை மூடிக் காத்தன. அதே வட்டாரத்தில் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்த யாதகிரியும் அய்யாசாமியும், 1989இல் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசராக அவற்றை விவரித்தார்கள்.

டைனோசர்கள் நம் பக்கமும் திரிந்திருக்கலாம். ஆனால் செத்த உடலை மூட வண்டல் வேண்டும். தேயும் மேட்டில் வண்டல் தங்காது, எலும்பும் மிஞ்சாது. பள்ளம் உயிர்களின் கணக்கைச் சேர்த்து வைக்கும். மேடு பூமியின் அடிவயிற்றைத் திறந்து காட்டும். ஆகவே பள்ளிப் பிள்ளைகளைப் புதைபடிவம் பார்க்க அரியலூர் மாவட்டத்து வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிற ஆசிரியர்கள், திரும்பும் வழியில் சங்ககிரிக் கோட்டை மலையிலும் ஏற்றிவிடலாம். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுசாகும்.