பின்பனியும் கொண்டலும்: சிங்கப்பூர் வானில் முகில் உருவாகும் முறை

தமிழ்மரபு ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் மாசி, பங்குனி ஆகிய திங்கள்களுக்குரியது பின்பனி. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிங்கப்பூரில் பனிக்காலம் என்பதே இல்லை. ஆதலின், இச்சொல்லை நம் பிள்ளைகளுக்கு ஏன் கற்பிக்க வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. விடை கிட்டாவிடில், பெரும்பொழுதுகள் தேர்வுக்காக மனனம் செய்து மறக்கும் பட்டியலாகவே நின்றுவிடும். அவ்வினாவிற்கான விடை நம் தலைக்கு மேலுள்ள வானிலேயே இருக்கிறது.

முதலில் முகில் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்போம். காற்றில் கண்ணுக்குப் புலப்படாத நீராவி எப்போதும் கலந்துள்ளது. வெயிலால் சூடேறிய நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அக்காற்று மேலெழுகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. 100 மீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 1 பாகை செல்சியசு வெப்பம் குறையும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தன் நீராவி முழுவதையும் தாங்க இயலாத நிலையை அடைகிறது. அதற்குப் பனிநிலை என்று பெயர். அந்நிலையில் நீராவி, காற்றில் மிதக்கும் கடலுப்பு, தூசி, புகை ஆகியவற்றின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. அத்துளிகளின் திரளே முகில்.

நண்பகலில் வெப்பநிலை 32 பாகையாகவும் பனிநிலை 23 பாகையாகவும் இருப்பதாகக் கொள்வோம். இடைவெளியின் ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் எனக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் முகில் தோன்றும். ஒரே பகுதியில் மிதக்கும் முகில்களின் அடிப்பகுதி ஒரே மட்டத்தில் தட்டையாகத் தெரிவதன் காரணமும் இதுவே. முகில்துளி மிக நுண்ணியது. ஏறத்தாழ பத்து இலட்சம் முகில்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உண்டாகும்.

‘பனி பெய்கிறது’ என்பது நம் வழக்கு. ஆயினும் புல்நுனியில் காணும் பனித்துளி மேலிருந்து விழுவதன்று. குளிர்ந்த புல்லின்மேல் காற்றின் நீராவியே துளியாகப் படிகிறது. உணவங்காடியில் பனிக்கட்டி இட்ட பானக் குவளையின் புறத்தே அரும்பும் நீரும் அத்தகையதே. இச்செயல் பொருளின்மீது நிகழ்ந்தால் பனித்துளி. நிலத்தை ஒட்டிய காற்றில் நிகழ்ந்தால் மூடுபனி. உயரத்தில் நிகழ்ந்தால் முகில். பனியில்லா நாடு எனப்படும் சிங்கப்பூரில் பனியின் செயல் நாள்தோறும் நிகழ்கிறது.

இனி, பின்பனிக்கு வருவோம். ஆசியாவின் வடபால் குளிர்காலத்தில், சைபீரியாவிலும் வட சீனாவிலும் குளிர்ந்த கனமான காற்று தேங்கி, உயரழுத்தம் உண்டாகிறது. அங்கிருந்து புறப்படும் காற்று தென்சீனக் கடலைக் கடக்கையில் வெப்பமும் ஈரமும் பெற்று, வடகிழக்குப் பருவக்காற்றாக நம்மை அடைகிறது. இக்காற்று வலுக்கும்போது சில நாள்கள் ஓயாது மழை பொழியும். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரு நாள்களில் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி முழுமைக்குமான நீண்டகாலச் சராசரியையே விஞ்சியது. பிப்ரவரியிலோ மழைப்பட்டை தெற்கே சாவகக் கடல் நோக்கி விலகுகிறது. காற்று வீசினும் அதில் ஈரம் குறைவு. எழும் முகில்கள் சிறு திரள்களாகவே நின்று மாலையில் கரைந்துவிடும். பொதுவாகப் பிப்ரவரியே நம் தீவில் மழை மிகக் குறைந்த மாதம். பின்பனியைப் பாலைத் திணைக்கு உரியதாகத் தொல்காப்பியம் கூறுகிறது. அந்நூல் சிங்கப்பூரைக் கருதி எழுதப்பட்டதன்று. எனினும் இங்கும் பின்பனியின் தொடக்கம் வறட்சியோடு கூடியிருப்பது மாணவர் நினைவில் நிற்கத்தக்க பொருத்தம்.

இவ்வானைப் பேசத் தமிழில் சொற்கள் உண்டு. வாடை வடக்கிலிருந்து வரும் காற்று. கொண்டல் கீழ்க்காற்றையும் முகிலையும் ஒருங்கே குறிக்கும் சொல். ‘கொள்’ என்பது அதன் அடி. கடல்நீரைக் கொண்டுவரும் காற்றிற்கும் முகிலுக்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தமே. கார் என்பது கருமை, முகில், மழைப்பருவம் மூன்றையும் சுட்டும். சங்க இலக்கியத்தில் மழை என்னும் சொல்லே முகிலையும் குறித்தது.

இலண்டனில் 1802இல் ஆற்றிய உரையில் லூக் ஓவர்டு முகில்களுக்கு இலத்தீன் பெயர்களை வகுத்தார். அவர் அறிமுகப்படுத்திய வகைகளை நாம் கீற்றுமுகில், திரள்முகில், படைமுகில், கார்முகில் என்கிறோம். இவை வடிவத்தையும் நிறத்தையும் காட்டும் பெயர்கள். வானைப் பார்த்த அளவிலேயே விளங்குபவை.

ஆகவே, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரியில் ஒரு வாரம் மாணவர்கள் காலையும் மாலையும் வானைப் பார்த்து, காற்றின் திசை, முகிலின் வகை, புல்லின் ஈரம் ஆகியவற்றைத் தமிழிலேயே குறித்துவரச் செய்யுங்கள். ஏழாம் நாளில் பின்பனி என்னும் சொல் அவர்கள் கண்ட வானின் பெயராகியிருக்கும்.