ஈரம் வேறு, வழவழப்பு வேறு

ஆனி மாதத்துச் சாரலில் நிலைமின்னியல் பாடம் நடத்துவது ஆசிரியருக்கு ஒரு சோதனைதான். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டவேண்டும். பாடநூலில் துணுக்குகள் துள்ளி ஏறுகின்றன. நாகர்கோவிலில், மழை பிடித்துக்கொண்ட நாளில், அவை மேசையை விட்டு அசைவதே இல்லை. காற்றிலுள்ள நீராவி முடியின் மீதும் சீப்பின் மீதும் மிக மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. தேய்த்ததால் தோன்றிய மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடுகிறது. வகுப்பு சிரிக்கும், ஆசிரியரும் சேர்ந்து சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படித் தோற்றுப்போன ஒரு வகுப்பின் முடிவில் மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "சார், காத்துல இவ்வளவு ஈரம் இருக்குன்னு சொல்லுறீங்க. பின்ன என் முடி மட்டும் ஏன் சார் இப்படிக் காஞ்சு கெடக்கு?" என்று கேட்டாள்.

விடுதியில் தங்கிப் படிப்பவள். குளியல் ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரில். முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழத் தொடங்கியதும், கடைக்காரர் சொன்னபடி "ஈரப்பதம் தரும்" என்று அச்சிட்ட மாய்ஸ்சரைசர் ஒன்றை, கல்வி உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறாள். நாள்தோறும் பூசியும் முடி அடங்கவில்லை. மழைநாளில் முன்னைவிடப் பரட்டையாக நின்றது. சீப்பு நிறைய முடி வந்தது. வழுக்கை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கமும் போயிற்று. அவள் கேட்ட கேள்வி நல்ல இயற்பியல் கேள்வி. விடையும் பெரும்பாலும் இயற்பியலில்தான் இருக்கிறது.

முதலில் முடியிழையைப் பார்ப்போம். அதன் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். உள்ளே கெராட்டின் என்னும் புரதநார்கள் கற்றையாக நிற்கின்றன. வெளியே ஓட்டுக்கூரை வேய்ந்தாற்போலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முதல் பத்து அடுக்கு வரை படிந்திருக்கின்றன. ஓடுகளின் விளிம்பு முடியின் நுனியை நோக்கியிருக்கும். இந்தச் செதில்களின் மேற்பரப்பில், வேதிப்பிணைப்பால் ஒட்டிய கொழுப்பு அமிலப் படலம் ஒன்று பிறவியிலேயே அமைந்திருக்கிறது. முடியின் வழவழப்புக்கு அதுதான் காரணம்.

தலைத்தோலுக்கு மேலே வந்துவிட்ட முடியில் உயிர் இல்லை. அதற்கு "ஊட்டம்" கொடுப்பது மரநாற்காலிக்குச் சோறு ஊட்டுவது போன்றது. தேய்ந்ததைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றலும் அதற்குக் கிடையாது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 40 சென்டிமீட்டர் சடையின் நுனிக்கு வயது 40 மாதம். வாரம் இருமுறை தலைக்குக் குளிப்பவளானால், அந்த நுனி ஏறக்குறைய 350 முறை நனைந்து, தேய்ந்து, காய்ந்திருக்கிறது. வெயிலும் சீப்பும் சோப்பும் அந்தக் கொழுப்புப் படலத்தை அரித்திருக்கும். வேர்ப்பக்கம் பட்டாகவும் நுனிப்பக்கம் தேங்காய்ச் சவுரியாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இனி ஈரத்தின் கதைக்கு வருவோம். 1783-இல் ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிவியலறிஞர் மனித முடியைக்கொண்டு ஈரமானி ஒன்றைச் செய்து அதைப்பற்றி நூல் எழுதினார். முடி ஈரக்காற்றில் நீளும், உலர்காற்றில் குறுகும். அந்த அசைவை ஒரு முள்ளுக்கு மாற்றினால் காற்றின் ஈரப்பதத்தைப் படிக்கலாம். இந்தக் கருவி இரு நூற்றாண்டுக்கும் மேலாக வானிலை நிலையங்களில் உழைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ஈரமானிக்கு முடியை எடுக்குமுன் அதிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கிவிடுவார்கள். எண்ணெய் இருந்தால் நீர் புகுவதும் வெளியேறுவதும் மந்தமாகிவிடும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்ப்பதன் நியாயம் இந்த ஒரு செய்தியிலேயே பாதி அடங்கியிருக்கிறது.

முடி எவ்வளவு நீரை ஏற்கும்? காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கையில், உலர்ந்த முடி தன் எடையில் சுமார் 10 விழுக்காடு நீரை ஏற்றுக்கொள்ளும். 65 விழுக்காட்டில் அது சுமார் 15 ஆகும். காற்று முழுதும் நிறைவுற்றால் 30-ஐத் தாண்டும். அப்போது முடி நீளத்தில் 2 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் தடிமனில் சுமார் 14 விழுக்காடு உப்பிவிடுகிறது. உப்பும்போது செதில்களின் விளிம்பு சற்றே தூக்கிக்கொள்ளும். புரதநார்களுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளில் நீர் புகுந்துகொள்வதால் முடியின் வலுவும் குறையும். ஈரத்தலையை வன்மையாகச் சீவக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பது வீண்பேச்சன்று.

ஆக, முடியில் எவ்வளவு நீர் இருக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் சுற்றியுள்ள காற்றே தீர்மானிக்கிறது. குளச்சலிலும் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் கடற்காற்றும் இரு பருவமழைகளும் அதைத் தாராளமாகவே கொடுக்கின்றன. அந்த மாணவியின் முடியில் நீருக்குப் பஞ்சமில்லை.

அப்படியானால் அவள் "காய்ந்து கிடக்கிறது" என்றது எதை? விரலுக்குத் தட்டுப்பட்ட சொரசொரப்பை. நாம் கையால் தடவி "உலர்ந்திருக்கிறது" என்று சொல்வது பெரும்பாலும் நீர் அளவைப்பற்றிய தீர்ப்பன்று, உராய்வைப்பற்றிய தீர்ப்பு. இதை நீங்களே பார்க்கலாம். நீளமான ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, விரல்களை முடியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரு திசையில் தானே நகரும். எப்போதும் வேர்முனைதான் முன்னே போகும். வேரை நோக்கி நகரும் விரல் செதில்களின் விளிம்பில் மாட்டி முடியை இழுத்துச் செல்கிறது. நுனியை நோக்கி நகரும்போது வழுக்கிவிடுகிறது. செதில் சிதைந்த முடிகள் பல ஒன்றாகச் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று மாட்டிக்கொள்கின்றன. சிக்கு என்பது அதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து முப்பந்தல் காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு போய், வள்ளியூரில் இறங்கிச் சீப்பைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இப்போது இரண்டு புட்டிகளையும் எளிதாகப் பிரித்துவிடலாம். மாய்ஸ்சரைசரின் வேலை நீரோடு; கண்டிஷனரின் வேலை மேற்பரப்போடு.

மாய்ஸ்சரைசரில் இருவகைப் பொருள்கள் உண்டு. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்பவை. எண்ணெய், மெழுகு போன்றவை நீர் போக்குவரத்தைத் தடுப்பவை. மிக உலர்ந்த காற்றில், நாள் முழுதும் குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு, இவற்றால் பயன் இருக்கலாம். ஆனால் சாரல் அடிக்கும் ஊரில் கிளிசரினைத் தலையில் பூசிக்கொண்டு நடப்பது, மழையில் உப்புச் சாடியைத் திறந்துவைப்பது போலத்தான். அது காற்றின் ஈரத்தை மேலும் இழுக்கும். முடி பிசுபிசுக்கும், உப்பும், பரட்டையாகும். மாணவியின் புட்டி செய்தது இதைத்தான். மருந்து பொய்யன்று, நோய் வேறு.

கண்டிஷனரின் வேலை, வகுப்பில் நடக்க மறுத்த அதே நிலைமின்னியலைச் சார்ந்தது. முடியின் புரதம் சுமார் 3.7 பி.எச். அளவில் மின்நடுநிலையில் இருக்கும். நாம் குளிக்கும் நீர் அதைவிட அமிலத்தன்மை குறைந்தது. ஆகவே அந்த நீரில் முடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. சிதைந்த நுனியில் அந்த மின்னூட்டம் இன்னும் மிகுதி. கண்டிஷனரில் உள்ள மூலக்கூறுகளுக்குத் தலையில் நேர்மின்னூட்டம், வாலில் நீண்ட கொழுப்புச் சங்கிலி. தலை முடியில் ஒட்டிக்கொள்ளும், வால் வெளியே படியும். இழந்துபோன கொழுப்புப் படலத்துக்கு ஒரு தற்காலிகப் பதிலி கிடைத்துவிடுகிறது. "கழுவி விட்டுவிடுகிறோமே, பிறகு என்ன மிஞ்சும்?" என்று பலர் கேட்கிறார்கள். மின்விசையால் ஒட்டியது வெறும் நீரில் எளிதில் போவதில்லை, மிகுதிதான் போகிறது. எங்கே சிதைவு அதிகமோ அங்கே அதிகமாகப் போய் ஒட்டுவது இதன் தனி நயம். ஆகவே தலைத்தோலில் தேய்க்கத் தேவையில்லை. பாதிமுடியிலிருந்து நுனிவரை பூசினால் போதும். ஷாம்புவோடு கலந்து தேய்க்கவும் கூடாது. பெரும்பாலான ஷாம்புகளின் அழுக்கு நீக்கி எதிர்மின்னூட்டமுள்ளது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் முடிக்கு ஒன்றும் மிஞ்சாது.

தேங்காய் எண்ணெயை எந்தப் பக்கம் சேர்ப்பது? நம் மாவட்டத்தில் இக்கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். கிளையில்லாத, குட்டையான சங்கிலி. ஆதலால் முடிக்குள் புகக்கூடியது. மும்பையில் ரேலே, மோகிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிக்குமுன் தேய்த்தாலும் அந்தப் பயன் கிடைத்தது. முடிக்குள் புகுந்த எண்ணெய், குளிக்கும்போது முடி அளவுக்குமீறி உப்புவதைத் தடுக்கிறது. அதாவது அது முடிக்கு நீர் கொடுப்பதில்லை; நீரை மட்டுப்படுத்துகிறது. "எண்ணெய் ஈரம் தரும்" என்ற வழக்குப்பேச்சு தவறு. எண்ணெய் தேய்க்கும் வழக்கம் சரி. ஆனால் மேலே படிந்த எண்ணெய்க்கு மின்னூட்டம் இல்லாததால் ஷாம்பு அதைக் கொண்டுபோய்விடும்.

எங்கள் ஆச்சி எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி எடுத்துத் தேய்த்துக் குளிப்பாள். தாளியின் கொழகொழப்பு ஒருவகைப் பலசர்க்கரைப் பொருள். மெதுவாக அழுக்கெடுக்கும்; முடிக்கிடையே வழுக்கலும் தரும். அதையே "நம் முன்னோரின் கண்டிஷனர்" என்று மார்தட்டுவது மிகை. அது நேர்மின்னூட்டம் கொண்டு ஒட்டுவதில்லை. அலசினால் பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் முன்னால் எண்ணெய், பின்னால் வழுக்கல் என்ற வரிசை அதில் இருந்தது. 1983-இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு போன்ற சிறு பொட்டலங்கள் சிற்றூர்ப் பெட்டிக்கடைவரை வந்தபோது, பல வீடுகளில் அழுக்கெடுக்கும் பகுதி மட்டும் மாறவில்லை. முன்னதும் பின்னதும் சேர்ந்தே விடுபட்டுப்போயின.

சிட்டையைப் படிப்பது எப்படி? முகப்பில் இருப்பதை நம்பவேண்டாம். "ஈரமூட்டும் கண்டிஷனர்" என்று இரண்டையும் குழப்பி விற்கிறார்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் செட்ரைமோனியம் குளோரைடு, பிஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்று "மோனியம்" என வரும் பெயர் முன்வரிசையில் இருந்தால் அது கண்டிஷனர். "அம்மோனியம்" வேறு, அது ஷாம்புவிலும் வரும். வெறும் சோடியம் குளோரைடைக் கண்டு ஏமாறவேண்டாம். அது சமையல் உப்பு. விலைக்கும் இந்தப் பெயர்களுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாணவியிடம் சீப்பில் வந்த முடிகளைக் கொண்டுவரச் சொன்னேன். லென்சு வைத்துப் பார்த்தோம். வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருக்கும். அவள் கொண்டுவந்த முப்பதுக்கு மேற்பட்ட முடிகளில் நான்கில்தான் குமிழ் இருந்தது. மற்றவையெல்லாம் நடுவில் ஒடிந்த துண்டுகள். ஒரு நாளில் 50 முதல் 100 முடிவரை வேரோடு உதிர்வது இயல்பு. அதற்கு மேல் குமிழோடு கொத்தாக வந்தால் தோல் மருத்துவரிடம் போகவேண்டும், புட்டிக்கடைக்கு அன்று. இவளுடையது உராய்வால் வந்த ஒடிவு. விவரம் தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த தெளிச்சி, அந்த ஆனி மாதத்தில் எனக்குப் பலித்த ஒரே சோதனை.

உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டில் சீப்பில் சேரும் நீள முடிகளை மூன்று சிறு கற்றைகளாக நூலால் கட்டுங்கள். மூன்றையும் ஷாம்புவில் அலசுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றைச் சில துளி கிளிசரின் கலந்த நீரில் நனைத்தெடுங்கள். ஒன்றில் கண்டிஷனர் பூசி ஐந்து நிமிடம் கழித்து அலசுங்கள். நிழலில் உலர்த்தி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஈரத்துணியின் மேலே, துணியைத் தொடாதபடி, இரவு முழுதும் தொங்கவிடுங்கள். காலையில் ஒவ்வொன்றாகச் சீவிப் பாருங்கள். சீப்பு எதில் மாட்டுகிறது, எது உப்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி இல்லாமல், மாசி மாதத்து வெயில்நாளில் இன்னொருமுறை செய்யுங்கள். அன்றைக்குக் காகிதத் துணுக்குகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.