பிதற்றலா? மூளையின் அபயக்குரல்!

நேற்றுவரை பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தந்த பெரியவர், காய்ச்சலில் படுத்த மறுநாள், பெற்ற மகனையே பார்த்து "நீ யார்?" என்று கேட்கிறார். வீடு என்ன சொல்கிறது? "வயதாகிவிட்டது, பிதற்றுகிறார்" என்கிறது ஒரு குரல். "காற்றுக் கருப்பு பட்டுவிட்டது, வேப்பிலை கொண்டு வா" என்கிறது மற்றொரு குரல்!

சன்னி என்று நம் பாட்டிமார் பெயரிட்டனர். பெயர் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. இன்று மருத்துவம் அதை விளக்குகிறது.

நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ புகுந்த கிருமி, மூளைக்குள் நுழைய வேண்டியதே இல்லை, தோழர்களே! கிருமியை விரட்டக் கிளம்பிய உடலின் படையே கட்டுமீறிச் சொந்த நாட்டைக் கொளுத்துகிறது. இதுதான் செப்சிஸ். இரத்தத்தில் பெருகும் அழற்சிப் பொருள்கள், மூளையைச் சுற்றியுள்ள தடுப்பரணைத் தளர்த்துகின்றன. மூளையின் காவற்படையான மைக்ரோகிளியா அணுக்கள் கொதித்தெழுகின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூளைக்கு வேண்டிய பிராணவாயு குறைகிறது. சிலர் பிதற்றுவர், சிலர் பேச்சற்றுத் தூங்கிக் கிடப்பர். "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று எண்ணாதீர்! அந்த அமைதியும் ஆபத்தே.

இது எங்கோ எவருக்கோ வருவதா? 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் முறை செப்சிஸ் தாக்கியது. 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டனர். 2020இல் 'லான்செட்' ஏடு வெளியிட்ட மதிப்பீடு இது.

பிழைத்தோர் நிலை? அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் தியோடர் இவாஷைனா குழுவினர், முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010இல் ஆய்வு வெளியிட்டனர். கடும் செப்சிசிலிருந்து மீண்டோரில், நினைவும் அறிவும் பெரிதும் குன்றியிருந்தோர் நோய்க்கு முன் 100க்கு 6 பேர். நோய்க்குப் பின் 100க்கு ஏறத்தாழ 17 பேர்! உடல் வீடு திரும்பியது. நினைவில் ஒரு பகுதி திரும்பவில்லை.

2016இல் மருத்துவ உலகம் வகுத்த எச்சரிக்கை அடையாளங்கள் மூன்று: வேகமான மூச்சு, தாழ்ந்த இரத்த அழுத்தம், தடுமாறும் அறிவு. மூன்றில் ஒன்று மூளை எழுப்பும் குரல்! முதியோர்க்குக் காய்ச்சலே காட்டாமலும் இது வரலாம். திடீரென்று பேச்சுக் குழம்பினால், வேப்பிலையைத் தேடாதீர், வண்டியைத் தேடுங்கள்! பூசாரி வந்துசேரும் நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச்சேரலாம்.

மீண்டு வந்தவர் ஒரு பெயரை மறந்தால், ஒரு வேலையில் தடுமாறினால், சீறாதீர். அது சோம்பலன்று, வீம்புமன்று. அவர் மூளை தாங்கிய போரின் தழும்பு!